மெதுவாகப் போகச் சொன்னது யார்?

ஜூன் பிறந்தால் தாமிரபரணிக் கரையில் இரண்டு பரபரப்புகள் சேர்ந்தே தொடங்கும். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறக்குமா என்று வயல்காரர்கள் விசாரிப்பார்கள். கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிள்ளைகளும் பெற்றோரும் இ-சேவை மையங்களில் வரிசை கட்டுவார்கள். அம்பாசமுத்திரமோ, சேரன்மகாதேவியோ, பாளையங்கோட்டையோ, கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பவர் சொல்லும் பதில் ஒன்றாகவே இருக்கும்: "சுத்திக்கிட்டே கெடக்கு அண்ணாச்சி, செத்த நேரம் உக்காருங்க."

திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றும்போது முதல் பழி சர்வர் மேல் விழும். அடுத்தது நெட் கனெக்‌ஷன் மேல். சேர்க்கைக் காலத்தில் அரசுத் தளங்கள் திணறுவது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே அறையில், அதே வைஃபையில், பக்கத்து மேசை கம்ப்யூட்டரில் அதே பக்கம் சட்டென்று திறக்கிறது என்றால் கோளாறு சர்வரிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. அங்கேதான் மூன்றாவது பழி வருகிறது: "சிஸ்டம் பழசாயிருச்சு." ஃபார்மட் அடிக்கச் சொல்வார்கள், ரேம் ஏற்றச் சொல்வார்கள், எஸ்எஸ்டி போடச் சொல்வார்கள், கடைசியில் வேறு லேப்டாப்பே வாங்கச் சொல்வார்கள்.

இந்தச் செலவுகளில் இறங்குமுன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தானாகவே மெதுவாகிவிட்டதா, அல்லது மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அதை மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார்களா?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதைக் கண்டுபிடிக்கச் செலவு எதுவும் இல்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியு என்பதைத் தொட்டால் இரண்டு எண்கள் தெரியும். 'பேஸ் ஸ்பீட்' என்பது அந்தச் சிப்புக்குத் தயாரிப்பாளர் குறித்த அடிப்படை வேகம். 'ஸ்பீட்' என்பது அந்த நொடியில் ஓடும் வேகம். சும்மா இருக்கும்போது ஸ்பீட் குறைந்திருப்பது இயல்பு. பெரிய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்துகொண்டே பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்பில் ஸ்பீட் துள்ளி ஏறி பேஸ் ஸ்பீடைத் தாண்டும். 2.40 கிகாஹெர்ட்ஸ் பேஸ் உள்ள சிப், பக்கம் திணறும்போதும் 0.79 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றால் யாரோ, எதுவோ அதன் காலைக் கட்டியிருக்கிறது என்று பொருள்.

ஏன் கட்டுகிறார்கள்? சிப் உண்ணும் மின்சாரம் அதன் வேகத்தோடு சேர்ந்து ஏறும். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், ஆகவே மிச்சம் கணிசமானது. இன்டெல் நிறுவனம் 2000-ம் ஆண்டு மொபைல் பென்டியம் 3 சிப்புகளில் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தது. இன்றைய லேப்டாப், போன் அனைத்திலும் ஏதோ ஒரு வடிவில் இந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது. வேலை வந்தால் ஏறு, முடிந்தால் இறங்கு என்பதுதான் ஏற்பாடு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் 'பவர் சேவர்' நிலையில் போட்டால் 'ஏறு' என்ற பாதி தயங்கத் தொடங்குகிறது.

இந்தத் தயக்கத்தில் பிரவுசர்தான் அதிகம் அடிபடும். வேர்டில் கடிதம் தட்டச்சு செய்வதற்குச் சிப்பின் முழு வேகம் தேவையே இல்லை. இணையப் பக்கம் அப்படியல்ல. திறந்த அந்த இரண்டு மூன்று நொடிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் படித்து, இயக்கி, படங்களை விரித்து, எழுத்துகளை அடுக்கி, பக்கத்தை வரைய வேண்டும். சிப்பில் நான்கு கோர் இருந்தாலும் இந்த வேலையின் பெரும்பகுதி ஒரே இழையில்தான் நடக்கிறது. எனவே ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதே கணக்கு. அந்த நொடியில் சிப் ஏறத் தயங்கினால் வட்டம் சுற்றும். அணையில் நீர் நிறைந்திருக்கும்போதே மடையைப் பாதி அடைத்துவிட்டுக் கடைமடை காய்கிறதே என்று தவிப்பது போன்ற நிலை இது.

மிச்சம் பிடிக்கும் பழக்கம் இந்தப் பகுதியில் வேரூன்றியதற்கு நியாயமான காரணம் உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகள் நெல்லைச் சீமையின் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. மறு ஆண்டே தமிழகத்தை மின்வெட்டு உலுக்கியது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. கரண்ட் போனாலும் பாடம் படிக்க வேண்டும் என்றால் பேட்டரியின் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது. அன்று பவர் சேவரில் வைத்தவர்கள் சரியாகவே செய்தார்கள்.

இன்றைய நிலை வேறு. கூடங்குளம் முதல் அலகின் மின்சாரம் 2013 அக்டோபரில் கம்பிகளில் ஏறியது. நாள்முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்புகள் இப்போது அதிகம். ஆனாலும் 'பேட்டரி நீடிக்கும்' என்று பவர் சேவரில் போட்டு வைக்கும் வழக்கம் மட்டும் வீடுகளிலும் கடைகளிலும் தங்கிவிட்டது.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கோடையில் லேப்டாப் கொதிக்கிறது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால், விவரமறிந்த சிலர் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்' என்ற இடத்தில் 100-ஐ 99 ஆக்கிக் கொடுப்பார்கள். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். உண்மையில் அந்த ஒன்று, சிப்பைப் பேஸ் ஸ்பீடுக்கு மேல் ஏற்றும் 'டர்போ' வசதியையே அணைத்துவிடுகிறது. 2017-ல் வந்து பல லட்சம் லேப்டாப்புகளில் ஏறிய இன்டெல் ஐ5-8250யு சிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் பேஸ் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ 3.4 கிகாஹெர்ட்ஸ். 99 என்று வைத்த மறுநொடி உச்ச வேகத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். சூடு குறைவது நிஜம், அதனால் வாடிக்கையாளர் திருப்தியாகத் திரும்புவார். இரண்டு வாரம் கழித்துக் குரோம் ஸ்லோ என்று வந்து நிற்பார். சூட்டுக்குச் சரியான வைத்தியம் ஃபேனில் அடைந்த தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுவது. அதைச் செய்துவிட்டால் 99 தேவைப்படாது.

அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் வேகம் ஏறவில்லை என்றால் கை போக வேண்டிய இடம் சார்ஜர். இது பலருக்கும் வியப்பாக இருக்கும். டெல் லேப்டாப்புகளின் பழைய உருளை முனைச் சார்ஜரை உற்றுப் பார்த்தால் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று தெரியும். அதன் வழியாக மின்சாரம் போவதில்லை, தகவல்தான் போகிறது. சார்ஜருக்குள் இருக்கும் சிறு சிப், 'நான் 65 வாட்' அல்லது '90 வாட்' என்று லேப்டாப்புக்குச் சொல்லும். ஊசி வளைந்தாலோ, வயர் அறுந்தாலோ, அந்தச் சிப் இல்லாத மாற்றுச் சார்ஜரைப் போட்டாலோ தகவல் வராது. அப்போது லேப்டாப், அடாப்டர் வகை தெரியவில்லை என்று ஆன் ஆகும்போதே எச்சரிக்கும். சார்ஜர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால் பேட்டரியில் ஏற்றுவதை நிறுத்தி, சிப்பின் வேகத்தையும் இறக்கிவிடும். டெல் நிறுவனமே தன் உதவிக் குறிப்புகளில் எழுதியிருக்கும் விஷயம் இது. அவசரத்தில் இருக்கும் மாணவர் அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் என்டர் தட்டிவிட்டு உள்ளே போவார். வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். ஃபார்மட் அடித்தாலும் மாறாது, ரேம் ஏற்றினாலும் மாறாது. நெல்லை சந்திப்பிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரிஜினல் சார்ஜர் வைத்திருக்கும் கடையில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பிலும் இப்படி நடப்பதுண்டு. பழைய மேக்புக்குகளில் பேட்டரியைக் கழற்றினால் வேகம் குறையும் என்று ஆப்பிளே அறிவித்திருந்தது.

ஆப்பிள் என்றதும் 2017 டிசம்பரில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். தன் பழைய ஐபோன் பேட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அதையொட்டி, கீக்பெஞ்ச் என்ற வேக அளவீட்டு நிரலை உருவாக்கிய ஜான் பூல், சேர்ந்திருந்த அளவீடுகளை வரைபடமாகப் போட்டார். குறிப்பிட்ட ஐஓஎஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில ஐபோன்களின் வேகம் படிப்படியாக இறங்கியிருந்தது. பேட்டரி நலிந்த போன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருப்பதற்காகச் சிப்பை அடக்குகிறோம் என்று சில நாளிலேயே ஆப்பிள் ஒப்புக்கொண்டது. நோக்கம் தவறல்ல. சொல்லாமல் செய்ததுதான் தவறு. போன் பழசாகிவிட்டது என்று நம்பிப் புதிது வாங்கியவர்களுக்கு, பேட்டரி மாற்றினாலே போதும் என்ற தகவல் போய்ச் சேரவில்லை. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் அரசு இதற்காக 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை தர ஆப்பிள் உடன்பட்டது. இன்று ஐபோனில் பேட்டரியின் நலத்தைக் காட்டும் பக்கம் இருப்பதற்குக் காரணம் அந்தச் சண்டை.

விண்டோஸில் அந்த அளவுக்கு மறைவு இல்லை, ஆனால் சிதறல் உண்டு. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போனால் 'பவர் மோட்' இருக்கிறது. மின்சிக்கனம், சமநிலை, முழுவேகம் என்று மூன்று நிலைகள். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு பழைய 'பேட்டரி சேவர்' இடத்தில் 'எனர்ஜி சேவர்' என்பதை வைத்தது. பழையது பேட்டரியில் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். புதியதைச் சார்ஜரில் இருக்கும்போதும் இயக்க முடியும். பேட்டரி இல்லாத மேசைக் கம்ப்யூட்டரிலும்கூட இயக்கலாம். யாரோ ஒருமுறை தட்டிவிட்டால், சார்ஜர் குத்தியிருந்தும் வேகம் வராது. திரையின் கீழ் வலது மூலையில் இலை வடிவம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். பாஸ், உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் திரையின் மேல் மூலை மெனுவிலேயே இந்த நிலைகள் கிடைக்கும் பதிப்புகள் உண்டு.

சிப் நன்றாக ஓடியும் பக்கம் விட்டு விட்டு வந்தால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். மிச்சம் பிடிக்கும் நிலையில் லேப்டாப்பின் வைஃபை கருவி இடையிடையே தூங்கும். அதற்கு வரும் தகவலை ரூட்டர் பிடித்து வைத்திருக்கும். ரூட்டர் வழக்கமாக ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு அனுப்பும். கருவி விழித்து அதைக் கேட்ட பிறகே தகவல் கை மாறும். பத்தில் ஒரு நொடி பெரிதில்லை. ஆனால் ஓர் அரசுத் தளத்தின் முகப்புப் பக்கமே எத்தனையோ சிறு கோப்புகளை அடுத்தடுத்துக் கேட்டு வாங்குகிறது. தாமதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் நல்ல எண் வரும், பக்கம் மட்டும் தள்ளாடும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டருக்கும் தனி நிலை உண்டு. சார்ஜரில் இருக்கும்போது இரண்டையும் தளர்த்திவிடலாம்.

பிரவுசர்களும் தம் பங்குக்குச் சிக்கனம் கற்றுக்கொண்டன. 2017 மார்ச்சில் வந்த குரோம் 57, பின்னால் கிடக்கும் டேபுகளின் டைமர்கள் ஒரு கோரில் சராசரியாக ஒரு சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. 2021 ஜனவரியின் குரோம் 88 மேலும் இறுக்கியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபின் டைமர் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கும். 2023-ல் மெமரி சேவர், எனர்ஜி சேவர் இரண்டும் பரவலாக வந்தன. மெமரி சேவர் பயன்படுத்தாத டேபை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். திரும்பிப் போனால் பக்கம் முதலிலிருந்து ஏறும். எனர்ஜி சேவர் பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்ததும் வீடியோவையும் அசைவுகளையும் குறைக்கும். எட்ஜில் 'தூங்கும் டேபுகள்' உண்டு.

வீட்டில் செய்தி படிப்பவருக்கு இவை நன்மையே. ஆனால் ஒரு டேபில் விண்ணப்பம், ஒரு டேபில் ஸ்கேன் செய்த ஆவணம், ஒரு டேபில் பணம் கட்டும் பக்கம் என்று மாற்றி மாற்றி வேலை பார்க்கும் இ-சேவை ஊழியருக்கு, போன டேப் எல்லாம் மறுபடி ஏறுவது வேதனை. குரோமின் அமைப்புகளில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பக்கத்தில், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களின் பட்டியல் போட இடம் இருக்கிறது. அன்றாடம் திறக்கும் நான்கைந்து அரசுத் தளங்களை அதில் சேர்த்துவிட்டால் தொல்லை பெருமளவு குறையும்.

இதில் உள்ளூர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் தென்காசிப் பக்கம், மத்தளம்பாறையில் சோகோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனம் 2023-ல் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. இந்தியப் பிரவுசர் உருவாக்கத்துக்கு மத்திய அரசு நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் அதற்கு முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் கிடைத்தது. உலாவும் குரோம், எட்ஜ் போலவே குரோமியம் என்ற திறந்த மூல அடித்தளத்தில் எழுந்தது. ஆகவே பிரவுசரை மாற்றிப் பார்ப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். ஆனால் சிப்பின் வேகத்தை ஆபரேட்டிங் சிஸ்டம் அடக்கி வைத்திருந்தால் எந்தப் பிரவுசரும் திணறத்தான் செய்யும்.

போனிலும் கதை இதுதான். சாம்சங் போன்களின் பவர் சேவிங் பக்கத்தில் சிபியு வேகத்தை 70 சதவீதத்துக்குள் நிறுத்தும் தெரிவு வெளிப்படையாகவே இருக்கிறது. ஐபோனின் லோ பவர் மோட் சஃபாரியில் அசைவுகளை நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு இறக்கும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர் குறிப்பிட்ட சதவீதத்தில் தானாக விழும்படி வைத்திருந்தால், மாலையில் போன் ஸ்லோ ஆவதற்கும் காலையில் சரியாவதற்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சிக்கனத்தையும் அணைத்துவிடுவது சரியல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கினார்கள். பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் போனில் மிச்சமிருக்கும் 15 சதவீதம்தான் ஓர் அழைப்புக்கும், இருக்குமிடத்தைத் தெரிவிப்பதற்கும் ஆதாரம். பேட்டரி சேவர் அதற்காகவே இருக்கிறது. அன்று அதைப் போடாமல் இருப்பதுதான் பிழை.

சாதாரண நாளில் மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் கைவைக்க வேண்டியது திரையின் வெளிச்சத்தில். படிக்கும் வேலையில் பேட்டரியின் பெரும்பங்கைத் திரைதான் தின்கிறது. சிப் வேகமாக வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் தூங்குவது, மெதுவாக நெடுநேரம் விழித்திருப்பதைவிடச் சில வேளைகளில் குறைந்த மின்சாரமே எடுக்கும் என்பதும் பொறியாளர்கள் அறிந்தது. எனவே சார்ஜரில் இருக்கும்போது முழுவேகம், பேட்டரியில் சமநிலை, 20 சதவீதத்துக்குக் கீழே சிக்கனம் என்ற வைப்பு பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

மாற்றியதால் பலன் உண்டா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதைவிட அளப்பது நல்லது. ஆப்பிள், கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து உழைத்த 'ஸ்பீடோமீட்டர் 3' என்ற சோதனை 2024 மார்ச்சில் வெளியானது. பிரவுசரிலேயே திறக்கலாம், இலவசம், சில நிமிடத்தில் ஒரு மதிப்பெண் தரும். சிக்கன நிலையில் ஒருமுறை, முழுவேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். மதிப்பெண் பெரிதாக ஏறினால் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் வைத்திருந்த பணம் தப்பியது. ஏறவே இல்லை என்றால் பழைய ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ரேம், தேவையற்ற எக்ஸ்டென்ஷன்கள் என்று வேறு இடங்களில் தேட வேண்டும். 2011-ல் வந்த மடிக்கணினியில் இன்றைய குரோமை எந்த அமைப்பாலும் விரைவாக ஓட வைக்க முடியாது. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

புதிய தலைமுறை மடிக்கணினிகள் வரத் தொடங்கிவிட்டன. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் தருவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, 2026 ஜனவரியில் விநியோகத்தைத் தொடங்கியது. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 என்று இவை 2011-ன் பெட்டிகளைவிடப் பல மடங்கு வலுவானவை. ஆனால் அதே எனர்ஜி சேவர், அதே தூங்கும் வைஃபை, அதே சார்ஜர் சிக்கல் இவற்றிலும் வரும். இவற்றை வழங்கும் கல்லூரிகள், பெட்டியோடு அரைப்பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றையும் கொடுக்கலாம்: பவர் மோட் எங்கே இருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் எந்த எண்ணைப் பார்ப்பது, சார்ஜரை ஏன் மாற்றக் கூடாது. அச்சடிக்க ஒரு ரூபாய்கூட ஆகாது. முதல் ஃபார்மட்டுக்குக் கடைக்காரரிடம் கொடுக்கும் சில நூறு ரூபாயை அது மிச்சப்படுத்தும்.